பட்டை என்னும் ஒரு பெயர், பல மரங்கள்

வீட்டில் பட்டை தீர்ந்துபோயிருந்த ஒரு நாள், போத்தனூரிலிருந்து டவுன் பஸ் ஏறிக் கோவை ரங்கே கவுடர் வீதிக்குப் போனேன். மளிகை மொத்தக் கடை. "பட்டை கால் கிலோ போடுங்க" என்றேன். "எந்தப் பட்டைங்ணா?" என்று கேட்ட கடைக்காரர், நான் விழிப்பதைப் பார்த்து, செய்தித்தாள் துண்டு ஒன்றை விரித்து மூன்று வகையை எடுத்து வைத்தார். ஒன்று செம்பழுப்பு நிறம்; தடித்து, இரண்டு ஓரமும் உள்ளே சுருண்டிருந்தது; உடைக்க விரலில் வலு வேண்டும். இரண்டாவது வெளிர் நிறம். காகிதம் போன்ற மெல்லிய அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டு மாதிரி உருண்டிருந்தன. அழுத்தியதும் பொலபொலவென்று உதிர்ந்தது. மூன்றாவது சுருளவே இல்லை. மேல்தோலின் சாம்பல் திட்டுகளோடு தட்டைச் சில்லுகளாகக் கிடந்தது. சுருள் பட்டை, சிலோன் பட்டை, நாட்டுப் பட்டை என்று பெயர் சொன்னார். மூன்றிலும் ஒவ்வொரு துணுக்கை வாயில் போட்டேன். முதலாவது நாக்கில் சுரீரென்று ஏறியது. இரண்டாவது இனிப்போடு மெல்ல மணந்தது. மூன்றாவது இரண்டு மெல்லில் கொழகொழவென்று ஆகிவிட்டது.

"இது எந்த மரத்துதுங்க?"

"மலையில இருந்து வருதுங்ணா. எல்லாம் பட்டைதானுங்க, வெலதான் வேற வேற."

அந்தப் பதிலில்தான் இந்தக் கட்டுரையின் கேள்வி இருக்கிறது. நம் மேற்கு மலைகளின் மழைக்காட்டில் நிற்கும் இலவங்க மரம் எது? அது ஒன்றா, பலவா? இரண்டாயிரம் ஆண்டுகளாக அதன் இலையும் பட்டையும் காயும் எந்தெந்தப் பெயரில் விலைபோயின? தாவரவியல், பழைய வணிகக் குறிப்புகள், நாட்டு மருந்து, காட்டியல் என்று நான்கு பக்கமிருந்தும் கிடைக்கும் செய்திகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாவது இதுதான்: பல மரங்களை ஒரே பெயரில் அடைத்து வைத்ததால், அவற்றில் எது குறைகிறது, எது மறைகிறது என்பதை நாம் கவனிக்கவே இல்லை. பெயர் இல்லாத மரத்துக்குக் காவலும் இல்லை.

ஒரு குடும்பத்தின் முகம்

இலவங்க மரங்கள் லாரேசியே என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகம் முழுவதும் சுமார் 50 பேரினங்களும் 2,500-க்கு மேற்பட்ட இனங்களும் கொண்ட பெரிய குடும்பம். பெரும்பாலும் வெப்பமண்டல மழைக்காட்டு மரங்கள். ஊட்டிப் பக்கம் விளையும் வெண்ணெய்ப்பழம் இந்தக் குடும்பம்தான். கற்பூர மரமும் இதே குடும்பம். இலவங்கத்தோடு ஒரே பேரினத்தில் வைத்திருந்த அதை அண்மையில் ஆய்வாளர்கள் தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டார்கள். நம் வறண்ட புதர்க்காடுகளில் இலையே இல்லாமல் மஞ்சள் பச்சை நூலாகச் செடிகளின்மேல் படர்ந்து உறிஞ்சி வாழும் கொத்தான் கொடியும் இவர்களுக்கு உறவு என்பது கேட்பவரை வியக்க வைக்கும். மழை குறைந்த சமவெளிக்கு இறங்கி வந்த சொந்தம் என்று அதைச் சொல்லலாம்.

மற்றவை பெரும்பாலும் மழையை விட்டு இறங்குவதில்லை. கோவையில் ஆண்டுக்குப் பெய்வது ஏறத்தாழ 60, 70 சென்டிமீட்டர். போத்தனூரிலிருந்து பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவு ஏறி நூறு கிலோமீட்டர் போனால் வால்பாறை. அதற்கு மேலே இருக்கும் சின்னக்கல்லாறு தமிழகத்திலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அந்த ஈரத்தில்தான் இலவங்க மரங்கள் நிற்கின்றன.

காட்டில் அவற்றை அடையாளம் காண்பது கடினமில்லை. இலையைத் திருப்பிப் பார்த்தால், அடியிலிருந்து நுனியை நோக்கி மூன்று நரம்புகள் ஓடும். நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. கசக்கி முகர்ந்தால் கிராம்பும் பட்டையும் கலந்த வாசம். தளிர்விடும் காலத்தில் மரம் முழுக்கச் செந்நிறம். தூரத்திலிருந்து பார்ப்பவர் பூத்திருக்கிறது என்றே நினைப்பார். உண்மையான பூ மிகச் சிறியது, வெளுத்த பச்சை. மகரந்தப்பை இந்தக் குடும்பத்தில் பிளந்து திறப்பதில்லை; சின்னஞ்சிறு கதவு மேலே தூக்கிக்கொள்வதுபோல் திறக்கிறது. காய் ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும்; பழுத்தால் கருத்துப்போகும்.

இவ்வளவும் பேரினம் முழுவதற்கும் பொது. சிக்கல் அதற்குப் பிறகுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் இலவங்கப் பேரினத்து மரங்கள் பத்துக்கும் மேற்பட்டவை. பல, உலகில் வேறெங்கும் இல்லாதவை. தாழ்வான பசுமைமாறாக் காட்டில் சின்னமோமம் மலபாத்ரம். நீலகிரி, பழனி சோலைகளின் உயரத்தில் சின்னமோமம் வைட்டி. பிறகு சின்னமோமம் பெரோட்டெட்டி. இன்னும் சல்ஃபுரேட்டம், மேக்ரோகார்பம் என்று வரிசை நீளும். போத்தனூரிலிருந்து மேற்கே திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. மழைக்காட்டு மரங்களுக்கு அந்த வறண்ட இடைவெளி ஒரு கடல் மாதிரி. இந்தக் கரையில் இருப்பது எல்லாம் அந்தக் கரையில் இருப்பதில்லை.

வெள்ளலூர்க் காசும் மலபாத்ரமும்

போத்தனூரை ஒட்டியிருப்பது வெள்ளலூர். நொய்யல் கரை ஊர். 1840-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு பானையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் என்னும் பேரரசர்களின் தெனாரியஸ் காசுகள். 1891-இலும் 1931-இலும் அதே ஊரில் மேலும் புதையல்கள் வெளிவந்தன. மேற்குக் கரையின் முசிறியிலிருந்து கணவாய் வழியாக நொய்யலைப் பிடித்துக் கொடுமணல் நோக்கிப் போன வணிகச் சாலையில் வெள்ளலூர் ஒரு தங்கல். பிற்காலத்தில் அதே கணவாய் வழியை 'இராசகேசரிப் பெருவழி' என்று குறிக்கும் சோழர் காலக் கல்வெட்டு சுண்டக்காமுத்தூர் பக்கம் அய்யாசாமி மலையில் இருக்கிறது. நம் ஊர் வழியாகத்தான் உலகம் போய்வந்தது.

அந்தக் காசு எதற்கு வந்தது? மிளகு, நீலமணிக்கல், துணி, தந்தம் என்று வரலாற்று நூல்கள் சொல்லும். அந்தப் பட்டியலில் நம் கேள்விக்கு உரிய ஒரு சொல் உண்டு: மலபாத்ரான். ஏதோ ஒரு மரத்தின் உலர்ந்த இலை. ரோமானியர் அதிலிருந்து வாசனைத் தைலம் இறக்கினார்கள், மருந்தில் சேர்த்தார்கள். 'தமாலபத்ரம்' என்ற வடமொழிச் சொல்லின் முதல் எழுத்தைக் கிரேக்கர் தங்கள் மொழியில் பெயருக்கு முன் வரும் சுட்டுச்சொல் என்று எண்ணிப் பிரித்துவிட, மிஞ்சியது 'மலபாத்ரா' ஆயிற்று என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பெயர்க் குழப்பம் அந்த முதல் எழுத்திலேயே தொடங்குகிறது.

கி.பி. முதல் நூற்றாண்டின் 'எரித்ரேயக் கடல் பயண நூல்', முசிறி, நெல்கிண்டா துறைமுகங்களில் ஏற்றுமதியான பொருள்களில் மலபாத்ரானைச் சேர்த்து, அது உள்நாட்டுப் பகுதிகளிலிருந்து வந்தது என்கிறது. அதே நூல் இறுதியில் வேறு கதை சொல்கிறது. சீன நாட்டு எல்லையில் வாழும் ஓர் இனத்தார் கூடைகளோடு வந்து தங்கினார்கள்; அவர்கள் விட்டுப்போன இலைகளிலிருந்து பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று தர உருண்டைகள் செய்யப்பட்டன. அதுவே மலபாத்ரான் என்கிறது. அந்த வருணனை இந்தியாவின் வடகிழக்கு மலைகளுக்குப் பொருந்தும். இன்றும் மேகாலயக் குன்றுகளில் விளையும் தேஜ்பத்தா, அதாவது நம் பிரிஞ்சி இலை, சின்னமோமம் தமாலா மரத்தினுடையது.

இதனால் அறிஞர்கள் இரண்டு அணியானார்கள். மலபாத்ரான் முழுவதும் வடகிழக்கு இலை, கங்கை முகத்துவாரத்திலிருந்து கப்பலில் முசிறிக்கு வந்தது என்பது ஒரு கட்சி. 'உள்நாட்டிலிருந்து' என்ற சொல் நம் மேற்கு மலைகளையே சுட்டுகிறது என்பது மறு கட்சி. எனக்கு இரண்டும் சேர்ந்தே நடந்ததாகத் தோன்றுகிறது. காரணம் ரோமானிய எழுத்தாளர் பிளினி தரும் விலை. மிளகு ராத்தல் 4 தெனாரியஸ், நீளமான திப்பிலி 15 என்று உறுதியாக எழுதுகிற அவர், மலபாத்ரத்துக்கு வரும்போது ஒரு தெனாரியஸிலிருந்து சில நூறு வரை என்கிறார். அப்படி ஒரு விலை இடைவெளி எப்போது வரும்? ஒரே பெயரில் பல சரக்கு கைமாறும்போதுதான். ரங்கே கவுடர் வீதியில் நான் கேட்ட வாக்கியத்தை ரோமாபுரியிலும் யாரோ சொல்லியிருப்பார்கள்.

இதில் இன்னொரு புதிர். மலபாத்ரானைச் சொல்லும் அந்தக் கடற்பயண நூல் நம் கரையிலிருந்து பட்டை ஏற்றுமதியானதாக ஒரு வரியும் எழுதவில்லை. பட்டை ஆப்பிரிக்கக் கொம்பின் துறைமுகங்களில் கிடைத்ததாகவே அது சொல்கிறது. அங்கே இலவங்க மரமே வளராது. இடைத்தரகர்கள் மூலத்தை மறைத்தார்கள் என்று சிலரும், பழங்காலத்தில் அந்தப் பெயர் வேறு மரப் பட்டைக்கு வழங்கியது என்று சிலரும் விளக்குகிறார்கள். எப்படியானாலும், வாங்கியவன் மரத்தைப் பார்க்கவில்லை. மலபாத்ரம் இந்தியச் சதுப்புகளில் நீர்மேல் வேரில்லாமல் மிதக்கும் இலை என்று கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடீஸ் எழுதியதும் அதனால்தான். அந்தக் கதையைத் திருத்த 1563 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோவாவில் மருத்துவம் பார்த்த போர்ச்சுகீசியர் கார்சியா த ஒர்தா, இது மரத்து இலை, இந்தியர் இதைத் தமாலபத்ரம் என்பர் என்று எழுதினார். மரத்தின் அருகில் வாழ்ந்தவர்களிடம் கேட்டார், விடை கிடைத்தது.

காட்டுக் கறுவாவுக்குப் பெயர் வைத்தவர்கள்

கேட்டு எழுதும் அந்த வேலையை அடுத்துப் பெரிதாகச் செய்தது 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்'. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீடு முன்னின்று தொகுத்த இந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. இட்டி அச்சுதன் என்ற வைத்தியரின் அறிவு அதற்கு முதுகெலும்பு. அதில் 'கறுவா', 'காட்டுக் கறுவா' என்று இரண்டு மரங்கள் தனித்தனியாகப் படத்தோடு உள்ளன. கறுவா என்பது இன்றும் யாழ்ப்பாணத்தாரின் அடுக்களைச் சொல். கொழும்பில் கறுவாத்தோட்டம் என்று ஒரு பகுதியே இருக்கிறது. மலையாளத்திலும் அதே சொல்தான். கொங்கு நாட்டில் நாம் 'பட்டை' என்று சுருக்கிவிட்டோம். மரத்தின் பெயர் போய் உறுப்பின் பெயர் நின்றது.

ரீடின் காட்டுக் கறுவாதான் 1768-இல் பர்மன் என்ற டச்சுத் தாவரவியலார் 'மலபாத்ரம்' என்ற சிற்றினப் பெயர் சூட்டிய மரம். இலங்கையின் கறுவாவுக்கு 1825-இல் தாவரவியலார் பிரெசல் வைத்த பெயர் சின்னமோமம் வேரம்; 'வேரம்' என்றால் உண்மையானது. ஒன்று உண்மை என்று பெயர் பெற்றதும் மற்றவை எல்லாம் போலி என்ற எண்ணம் வணிகத்தில் ஊன்றிவிட்டது. காட்டுக் கறுவா போலியன்று; அது வேறு மரம்.

இந்த இடத்தில் கோவைக்குச் சொந்தமான ஒருவரைச் சொல்ல வேண்டும். ராபர்ட் வைட், ஸ்காட்லாந்து மருத்துவர். 1842 முதல் 1853 வரை பருத்தி ஆராய்ச்சிப் பண்ணைகளின் பொறுப்பில் கோயம்புத்தூரில் வாழ்ந்தார். ரங்கையா, கோவிந்து என்ற இரு இந்திய ஓவியர்கள் வரைந்த படங்களோடு அவர் வெளியிட்ட 'ஐகோன்ஸ்' தொகுதிகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாவரப் படங்கள் உண்டு. கோவைக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன், கேசியா என்ற பெயரில் விற்கும் பட்டை எந்த மரத்திலிருந்து வருகிறது என்று சென்னை அரசு அவரைக் கேட்டது. ஒரே மரத்திலிருந்து என்று நினைப்பது தவறு, பல இனங்களின் பட்டை ஒரே பெயரில் கடைக்கு வருகிறது என்பது அவர் தந்த விடையின் சாரம். ஏறக்குறைய 185 ஆண்டுகளுக்கு முன் சொன்னது. சோலைக்காட்டு இலவங்கத்துக்குச் சின்னமோமம் வைட்டி என்று அவர் பெயரே நிற்கிறது.

பிறகு வந்தவர்கள் எல்லாரும் தெளிவாக்கினார்கள் என்று சொல்ல முடியாது. தாவரவியலார் கேம்பிள் எழுதிய 'சென்னை மாகாணத் தாவரங்கள்' நூல் காட்டுக் கறுவாவைச் சின்னமோமம் ஐனர்ஸ் என்றது. ஐனர்ஸ் மலாய் நாடுகளின் மரம். அந்தப் பெயரே பல பத்தாண்டுகள் காட்டிலாகா ஏடுகளிலும் மருந்து நூல்களிலும் ஓடியது. லாரேசியே குடும்பத்திலேயே ஆயுளைச் செலவிட்ட கோஸ்டர்மன்ஸ், 1980-களில் தென்னிந்திய இலவங்கங்களைத் திரும்ப ஆராய்ந்து, ஒன்றாகக் குவித்து வைத்தவற்றைப் பிரித்தார். அந்த வேலைக்கு ஆதாரம் உலர்த்தி ஒட்டிய செடித் தாள்கள். தென்னிந்தியாவின் மிகப் பெரிய தொகுப்பான மெட்ராஸ் ஹெர்பேரியம் நம் கோவையில், வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது; 1955 முதல் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையத்தின் பொறுப்பு. அப்படி ஒரு தாளைப் பார்த்தவருக்கு அது மறக்காது. பழுத்த காகிதம், நூலால் தைத்த கிளை, மூலையில் மைக் கையெழுத்தில் ஊர், உயரம், நாள். நிறம் முழுவதும் போன பிறகும் மூன்று நரம்புகள் மட்டும் அப்படியே நிற்கும்.

அடுக்களையும் நாட்டு மருந்துக் கடையும்

ஏட்டில் பிரிந்த பெயர்கள் கடைக்கு வந்து சேரவில்லை. இன்று நம் பிரியாணிச் சட்டியில் விழும் தடித்த சுருள் பட்டை பெரும்பாலும் வியட்நாம், சீனா, இந்தோனேசியா நாடுகளிலிருந்து இறக்குமதியாகும் கேசியா. அடுக்கடுக்கான மெல்லிய சுருள் இலங்கை முறையில் உரித்த கறுவா. இந்திய உணவுத் தர விதிகள் இரண்டையும் தனித்தனிப் பொருளாகவே வரையறுத்திருக்கின்றன. பொட்டலத்தின் மேலே இருப்பதோ பெரும்பாலும் 'பட்டை' என்ற ஒரே சொல்.

வேறுபாடு ருசியோடு முடிவதில்லை. கேசியாவில் கூமரின் என்ற பொருள் கணிசமாக இருக்கிறது. கறுவாவில் அது மிகக் குறைவு. கூமரின் அளவு மிஞ்சினால், உடல்வாகு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஈரல் பாதிக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வரை தாங்கலாம் என்கிறது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனக் கணக்கில், 60 கிலோ எடையுள்ளவர் நாள்தோறும் 2 கிராம் கேசியாப் பொடி சாப்பிட்டால் அந்த எல்லையைத் தொட்டுவிடுவார். குழம்புக்குத் தாளிக்கும் ஒரு துண்டு இதில் எந்தக் கேடும் செய்யாது. ஆனால் சர்க்கரைக்கு நல்லது என்று கேட்டுவிட்டுக் காலையில் வெந்நீரில் கரண்டி கரண்டியாகப் பட்டைப் பொடி குடிக்கிறவர்கள் என் தெருவிலேயே நாலைந்து பேர். அவர்கள் குடிப்பது எந்த மரம் என்று தெரிந்தாக வேண்டும்.

நாட்டு மருந்துக் கடையில் குழப்பம் இன்னும் ஆழம். 'இலவங்கம்' என்றால் ஒரு கடையில் கிராம்பு, இன்னொன்றில் பட்டை. 'இலவங்கப்பத்திரி' என்றால் பிரிஞ்சி இலை. சிறுநாகப்பூ கேட்டால் தருவது பெரும்பாலும் பூவே இல்லை. சோலைக்காட்டுச் சின்னமோமம் வைட்டி போன்ற இலவங்க மரங்களின் முற்றாத காய். மொட்டு மாதிரி இருப்பதால் பூ என்று பெயர். நூல்கள் போற்றும் நாகேசரம் மெசுவா என்ற வேறு குடும்பத்து மரத்தின் மகரந்தத் தாள். பெயர் ஒன்றை நம்பி வைத்தியர் எழுதுகிறார், வேறொன்று லேகியத்தில் சேருகிறது, மலையில் அந்த வேறு மரம் விதையை இழக்கிறது.

பெயரைச் சரியாக வைத்துக் கொண்டாடும் இடமும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் கார்த்திகைக்குத் தெரளிக் கொழுக்கட்டை. காட்டுக் கறுவா இலையைக் கூம்பாகச் சுருட்டி, அரிசி மாவும் வெல்லமும் தேங்காயும் பிசைந்து நிரப்பி, ஆவியில் வேகவைப்பார்கள். மூடியைத் திறக்கும்போது எழும் மணம் தெரு முனை வரை போகும். கேரளத்தில் வயணை, வழனை என்கிற இலையும் இதுதான். அங்கே மரம் வீட்டுக் கொல்லையில் நிற்கிறது, இலை மட்டும் பறிபடுகிறது, ஆண்டுதோறும் மரம் தளிர்க்கிறது. பெயர் தெரிந்த மரம் பிழைத்திருக்கிறது.

உரித்தால் மரத்துக்கு என்ன ஆகிறது

இலையைப் பறிப்பதும் பட்டையை உரிப்பதும் ஒன்றில்லை. இலையில் சமைத்த உணவு வேருக்கு இறங்கும் பாதை உள்பட்டை. நாம் மணம் என்று விரும்பி எடுப்பதும் அதே உள்பட்டையைத்தான். மரத்தைச் சுற்றி வளையமாக உரித்துவிட்டால் மேலே இலை பச்சையாகவே இருக்கும். கீழே வேர் பட்டினி கிடக்கும். பார்ப்பவருக்கு உயிரோடு இருப்பதாகத் தெரியும் மரம் சில காலத்தில் நின்ற இடத்திலேயே காய்ந்துபோகும்.

இலங்கைத் தோட்ட முறை இதற்கு நேர் எதிர். கன்று வைத்து இரண்டு மூன்று ஆண்டில் தண்டைத் தரையோடு வெட்டுவார்கள். வேரில் உணவு சேர்ந்திருப்பதால் அடிக்கட்டையிலிருந்து புதுக் கொம்புகள் நேராக எழும். அவை பெருவிரல் கனம் வந்ததும் வெட்டி, வெளித்தோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் அழுத்தித் தேய்த்து, கத்தி நுனியால் கீறி உள்பட்டையை முழுசாகக் கழற்றுவார்கள். நிழலில் உலரும்போது அது தானாகச் சுருளும். கட்டை மறுபடி தளிர்க்கும். ஒரு வேர், பல பத்தாண்டு மகசூல். வெட்டிய பிறகும் வாழும் மரத்துக்கும் உரித்ததும் சாகும் மரத்துக்கும் உள்ள தூரம் இந்த ஒரு நுணுக்கம்தான்.

காட்டில் இந்த நுணுக்கத்துக்கு இடமில்லாமல் போனது. காடு யாருக்கு என்று உறுதியில்லாத இடத்தில், அடுத்த தளிருக்காக யார் காத்திருப்பார்? சமவெளி வியாபாரி கேட்ட எடைக்கு மலையில் பட்டை இறங்கியது. இலவங்கத்தின் நெருங்கிய சொந்தமான குளமாவு மரத்தின் கதை இதைவிடத் துயரமானது. அதன் பட்டைப் பொடியில் நீர்பட்டால் பசை போலாகும். ஊதுவத்திக் குச்சியில் கரியும் வாசனையும் ஒட்டி நிற்பது அந்தப் பசையால்தான். தொழிலில் ஜிகட் என்பார்கள். பிசின்பட்டை, மைதாலகடி என்று நாம் அழைக்கும் மரமும் அதே குடும்பம், அதே பசை, அதே விதி. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக இந்த மரங்கள் ஊதுவத்திக்காக உரிபட்டன. சாமி முன்னால் நாம் ஏற்றும் மணத்துக்குள் ஒரு மழைக்காட்டு மரத்தின் தோல் இருக்கிறது என்பதை அறிந்து ஏற்ற வேண்டும்.

இதில் குற்றவாளியாக மலையில் வாழும் காடர், மலசர், முதுவர் மக்களைக் காட்டுவது எளிது; நியாயமன்று. விலையும் அளவும் குறித்தது சமவெளி. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறுவனப் பொருள் சேகரிக்கும் உரிமையை அவர்களுக்கு அளித்திருக்கிறது. அந்த உரிமை கையில் நிலைத்தால்தான் எந்த மரத்தை விடுவது, எதை எடுப்பது என்று முடிவு செய்யும் அறிவும் பயன்படும்.

இருவாச்சி தின்னும் பழம்

ஒரு மரம் போனால் மரம் மட்டும் போவதில்லை. 1990-களில் ஆனைமலையில் பெரிய இருவாச்சியை ஆராய்ந்த ரகுபதி கண்ணனும் டக்ளஸ் ஜேம்ஸும் அவை தின்னும் பழங்களைக் கணக்கெடுத்தார்கள். அத்திக்கு அடுத்து அந்தப் பட்டியலில் கண்ணில் படுவது லாரேசியே குடும்பம். காரணம் கொழுப்பு. வெண்ணெய்ப்பழத்தை நினைத்தால் புரியும். மரப்பொந்தின் வாயைப் பெரும்பாலும் தன் எச்சத்தால் அடைத்துக்கொண்டு உள்ளே அடைகாக்கும் பெட்டைக்கும் குஞ்சுக்கும் ஆண் பறவை அலைந்து கொண்டுவந்து ஊட்ட வேண்டியது சத்து மிக்க இந்தப் பழங்களைத்தான். பறவை விழுங்கி, கொட்டையைத் தொலைவில் துப்புகிறது. மரம் பறவையை வளர்க்கிறது, பறவை மரத்தை நடுகிறது. முற்றாத காயைச் சிறுநாகப்பூவாகப் பறித்தால் இரண்டுக்கும் சோறு போகிறது.

மீட்கும் வழியும் அதே ஆனைமலையில் தெரிகிறது. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாய் எஞ்சிய மழைக்காடுகளை, திவ்யா முத்தப்பா, டி.ஆர். சங்கர் ராமன் முதலான நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் ஆய்வாளர்கள் தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து 2000-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கி மீளுருவாக்கி வருகிறார்கள். களை நீக்கி, விதை பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து, நூற்றுக்கு மேற்பட்ட நாட்டு மரங்களை நடுகிறார்கள். குளமாவு உட்பட லாரேசியே குடும்ப மரங்களும் அவற்றில் உண்டு. அந்த வேலையின் முதல் படி கன்றுக்குச் சரியான பெயர் எழுதிய அட்டை.

பெயரைத் திருத்தினால்

நாலு பக்கத்துச் செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால் செய்ய வேண்டியவை நம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

பொட்டலத்தில் கேசியாவா கறுவாவா என்று தமிழில் அச்சிட வேண்டும். விதி ஏற்கெனவே இரண்டையும் பிரித்திருக்கிறது. கடை அதைப் பின்பற்றினால் போதும். சிறுநாகப்பூ விற்கிற மருந்துக் கடைகளுக்கும் வாங்குகிற மருந்து நிறுவனங்களுக்கும் அது எந்த மரத்துக் காய் என்று எழுதி வைக்கும் கடமை வர வேண்டும். வனப்பொருள் கணக்கில் 'பட்டை' என்று ஒரே வரியில் எழுதாமல் இனவாரியாக எழுத வேண்டும். எது குறைகிறது என்பது அப்போதுதான் எண்ணில் தெரியும். இதற்கு வெளியிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. தாவரத் தொகுப்பு இங்கே இருக்கிறது. 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இங்கே இருக்கிறது. 1988-இல் அமைந்த வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனமும் இங்கேதான்.

காட்டின் மேலுள்ள பாரத்தைத் தோட்டம் வாங்கிக்கொள்ள முடியும். இது புது யோசனையும் இல்லை. 1857-இல் கோவைக் கலெக்டராக இருந்த ஈ.பி. தாமஸ் குன்னூர் மலைப்பாதையில் பர்லியாற்றில் தோட்டம் போட்டார். 1871-இல் அரசு அதை வாங்கிக்கொண்டது. வாசனைப் பயிர்கள் அந்த ஈரத்தில் நன்றாக வருகின்றன. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் ஏற்காடு-1 என்ற இலவங்க ரகத்தை வெளியிட்டிருக்கிறது. கோழிக்கோடு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் நவஸ்ரீ, நித்யஸ்ரீ என்ற ரகங்களைத் தந்திருக்கிறது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதியில் தென்னை நிழலில் ஜாதிக்காய் வைத்துப் பார்த்த நம் விவசாயிக்கு, தரையோடு வெட்டித் தளிர்க்கவிடும் மர வளர்ப்பு கற்றுக்கொள்ள முடியாத வித்தை அல்ல.

வெள்ளலூர்க் காசுகளை அச்சடித்தவர்களுக்கு மரம் தெரியாது. ஆயிரக்கணக்கான கல் தொலைவு, மன்னிக்கலாம். நமக்கு அப்படியில்லை. ரங்கே கவுடர் வீதியில் வாங்கிவந்த மூன்றையும் மூன்று டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி அடுக்களையில் வைத்திருக்கிறேன்: கேசியா, கறுவா, காட்டுக் கறுவா. மூன்றாவது டப்பாவிலிருந்து இதுவரை ஒரு சில்லும் எடுக்கவில்லை. அடுத்த முறை கடைக்குப் போனபோது அந்தப் பெயரைச் சொன்னேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எடையாளரைக் கூப்பிட்டு, "அந்த நாட்டுப் பட்டை எந்த மலையில இருந்து வருதுன்னு கேட்டு வைங்க தம்பி" என்றார்.